மாப்பிள்ளையின் காலைக் கழுவிய பைப்

பதுளைக் கடைவீதியில் தகரக்கடை மர்ஸூக் அவர்களின் மூத்த மகன்தான் இத்ரூஸ் நானா. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட, அங்கிருந்து பதுளைக்குச் சனம் மாட்டுவண்டியில் வந்துபோன காலம் அது. தேத்தண்ணிக் கடைக்குக் கேத்தல் வேண்டுமா, தோட்டத்து லய வீடுகளுக்குக் குப்பி விளக்கு வேண்டுமா, எண்ணெய்க் கடைக்குப் புனல் வேண்டுமா, எல்லோரும் இத்ரூஸ் நானாவின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவர் பற்றவைத்த கேத்தல் ஒழுகியது என்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

நல்ல மனிதர். ஒரேயொரு குணம்தான் வீட்டாரைப் பாடாய்ப் படுத்தியது. எந்த வேலைக்கும் இன்னோர் ஆளைக் கூப்பிடமாட்டார். தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வார். முன்பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும், பின்பக்கம் எலி கடித்த பாய் மாதிரி இருக்கும். ஒரு முறை கடைவாய்ப் பல் வலித்தது. கடைக் குறடு ஒன்றை எடுத்துத் தானே பிடுங்கினார். பிடுங்கியது பக்கத்துப் பல். வலித்த பல் அதற்குப் பிறகும் பல வருஷம் அவரோடு சுகமாக வாழ்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தகரக் குடை. வாலிப வயதில், துணிக்குடை ஓட்டையாகிறது என்று தகரத்தில் ஒரு குடை செய்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஐப்பசி மழையில் கடைவீதியில் இறங்கினால், மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு வண்டி மாடு மிரண்டது. குடைக்குள் நின்ற அவருக்கே இரண்டு நாள் காது அடைத்துக்கொண்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் பலீலா. இத்ரூஸ் நானாவின் சாச்சாவின் மகள், தங்கச்சி முறை. கலியாணம் முடித்துப் பண்டாரவளைக்குப் போனபிறகும் பலீலா அந்தக் குடையை மறக்கவில்லை. பதுளைக்கு வந்தால் முதற்கேள்வி, "நானா, குடை சொகமா இரிக்கா?" என்பதுதான். குடையோ அப்போது கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருந்தது.

அந்தப் பலீலாவின் மகன் ஸலீமுக்கும் இத்ரூஸ் நானாவின் மகள் ஸல்மாவுக்கும் பேச்சு முற்றாகியது. மாமன் மகள், மாமி மகன். சின்ன வயதிலேயே எல்லோரும் நினைத்திருந்த சம்பந்தம். எங்கள் சனத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் வெற்றிலை மாற்ற வந்த அன்று பலீலா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடியில் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"கெணறு மிச்சம் ஆழம், நானா. என்ட மகன் குளிக்கிறதுக்குள்ள ளுஹர் பாங்கு சொல்லிருவாங்க."

இத்ரூஸ் நானாவுக்குச் சுருக்கென்றது. ஊருக்குப் பைப் தண்ணீர் புதிதாக வந்திருந்தது. மலைமேல் தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

"கெணறு ஆருக்கு?" என்றார் சபை நடுவில். "கலியாணத்தண்டைக்கு மாப்பிள்ளைக்குக் கால் கழுவுற தண்ணி இந்த வாசல்ல பைப்புலதான் வரும். எழுதி வெச்சுக்க!"

"பைப்பு ஆரு போடுற?"

"நான்தான்!"

பலீலா சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு ஆடியது. "அப்ப நாங்க குடையோட வாரம், நானா."

திரைக்குப் பின்னால் இருந்த ஸல்மாவுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகக் கேட்டது. நாளைக்கு மாமியாராக வரப்போகிறவர், வாப்பாவின் வேலையை நினைத்து வாழ்நாள் முழுக்கச் சிரிக்கப்போகிறார் என்ற பயம் அவளுக்கு. ராவில் சோறு போடும்போது வாய்விட்டே சொன்னாள். "வாப்பா, என்ட கலியாணத்துக்கு மட்டும் வேற ஆள் செய்யட்டும்."

"பைப்பு போட லைசன் உள்ள ஆள் இரிக்கான்தானே, தம்பையா. அவனைக் கூப்பிடுங்களேன்," என்றார் ஜெனீரா. இத்ரூஸ் நானாவின் மனைவி, லுணுகலைப் பெண். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஆணி அடித்த மாதிரி இருக்கும். "நீங்க கேத்தல் செய்ற ஆள். பைப்பு கேத்தலில்ல."

"பைப்பு என்ன? நீட்டுக் கேத்தல்!"

தம்பையாவைக் கூப்பிடாமலும் முடியவில்லை. தெருவில் போகும் பெரிய குழாயில் கைவைக்க, லைசன் எடுத்த ஆளுக்கு மட்டும்தான் ஊருக்குத் தண்ணீர் விடுகிற போர்டு கந்தோரில் அனுமதி. தம்பையா பூனாகலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இஞ்சின் பக்கம் வேலை பழகி, லைசன் எடுத்து டவுனுக்கு இறங்கியவன். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. தெருக்குழாயை அடைக்கிற நீட்டுச் சாவி ஒன்றைப் போர்டில் கொடுத்திருந்தார்கள். அதை அரையில் வாள் மாதிரிச் செருகிக்கொண்டு நடப்பான். கோயிலுக்குப் போனாலும் சாவி, சாராயக் கடைக்குப் போனாலும் சாவி.

தெருவிலிருந்து மதில் வரைக்கும் தம்பையா வேலை செய்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் இத்ரூஸ் நானா கையைக் குறுக்கே நீட்டினார்.

"இதோட ஒன்ட வேலை முடிஞ்சிச்சு. உள்ளுக்கு என்ட வேலை."

தம்பையா அவருடைய பைப் துண்டுகளைத் தூக்கிப் பார்த்தான். துண்டுக்குத் துண்டு தகரத்தில் உறை போட்டு, ஈயம் வார்த்துப் பற்றவைத்திருந்தது. பளபளவென்று நகை மாதிரி இருந்தது.

"பாக்க அழகாத்தாங்க இருக்கு, மொதலாளி. ஆனா மூட்டுக்கு மூட்டு மரை வெட்டி முடுக்கணுங்க. ஈயம் கேத்தலுக்குத் தாங்கும், இதுக்குத் தாங்காதுங்க."

"தண்ணி தண்ணிதானே!"

"இல்லீங்க. இப்ப ஊரே தெருக்குழாயில புடிக்குது, அதனால தண்ணி சாதுவா வருது. ராவுல போர்டே அடைச்சிருது. என்னைக்காவது பகல்ல ஊரு புடிக்காம விட்டுச்சுன்னு வைங்க, மலைமேல இருக்குற தொட்டி நேரா ஒங்க முத்தத்துக்குத்தான் எறங்கும்."

"பகல்ல தண்ணி புடிக்காம ஊரு என்னத்தக் குடிக்கும்? ஒன்ட வாயில வாறதையா?"

தம்பையா சாவியைத் தட்டிக்கொண்டே சிரித்தான். "சரிங்க மொதலாளி. கலியாணத்துக்குச் சொல்லுவீங்கல்ல?"

"வா. ஆனா அந்தச் சாவியை வீட்டுல வெச்சிட்டு வா."

அடுத்த நாளே பைப் பூட்டியாகிவிட்டது. வாசற்படிக்குப் பக்கத்தில் கிளியின் மூக்கு மாதிரி வளைத்த வாயோடு ஒரு குழாய். இத்ரூஸ் நானா திருகினார். தண்ணீர் வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து திருகிப் பார்த்தார்கள். ஜெனீராவும் திருகிப் பார்த்தார். "வருதுதான்," என்று மட்டும் சொன்னார். ஸல்மாவின் முகத்திலும் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது.

கலியாண நாள் வந்தது. இத்ரூஸ் நானாவை அறியாதவர் பதுளையில் யார்? கடைவீதி முழுக்கக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தது. தண்ணீர்க் குடத்தோடு தெருக்குழாயில் சண்டை போடுகிற பெண்களெல்லாம் பட்டுடுத்தி உள்வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பந்தலில். தெருவில் நாயைத் தவிர ஒருவரும் இல்லை. தெருக்குழாயில் ஒரு குடம்கூட இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. தம்பையா மட்டும் பந்தலுக்குள் நுழையுமுன் வெறுந்தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கறுத்த கோட்டு, சிவப்புத் தலைப்பாகை, அரையில் அதே சாவி.

"கலியாணத்துக்கும் சாவியாடா?" என்று பந்தலே சிரித்தது.

பின்னேரம் அஸர் தொழுது முடித்த கையோடு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். ஸலீம் தலைப்பாகையும் மாலையுமாக வாசற்படியில் வந்து நின்றான். பின்னால் பெண்களின் நடுவில் பலீலா, கழுத்தை நீட்டிக்கொண்டு. பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவவேண்டும், கழுவினவன் விரலில் மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும். அதுதான் வழமை. ஸல்மாவின் தம்பி, மீசை அரும்பிய ஹுமைத், செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றான்.

"பலீலா, நல்லாப் பாரு!" என்று குழாயைத் திருகப்போனார் இத்ரூஸ் நானா.

திருகவே தேவைப்படவில்லை. கை படுமுன்னே படியடி மூட்டு 'டப்' என்றது. அடுத்ததும் 'டப்' என்றது. மூன்றாவது மூட்டிலிருந்து தண்ணீர் விர்ரென்று மேலே எழும்பிப் பந்தல் துணியில் மோதி, மாப்பிள்ளையின் தலையில் அப்படியே கொட்டியது. தலைப்பாகை கழன்று விரிப்பில் மிதந்தது. மாலை கழுத்திலேயே குளித்தது. கால் கழுவ நின்ற ஹுமைத் செம்போடு சறுக்கி மாப்பிள்ளையின் மார்பில் போய் விழுந்தான்.

முன்னால் நின்றவர்கள் விரிப்பை விட்டுப் பாய்ந்து விலகினார்கள்.

பிறகு பலீலாவின் குரல் எழும்பியது. "நானா! அந்தத் தகரக் குடையை எடுத்துட்டு வாங்க!"

ஊரே வெடித்துச் சிரித்தது. இத்ரூஸ் நானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கையாலும் ஒரு மூட்டைப் பொத்தினார். மற்றது பீய்ச்சியது. அதை முழங்காலால் அமுக்கினார். மூன்றாவது முகத்தில் அடித்தது. நனைந்த கண்ணால் உள்ளே பார்த்தார். திரை ஓரத்தில் ஸல்மாவின் மருதாணிக் கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. தன்னுடைய கை இரண்டும் இதற்குப் போதாது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லை வாய்விட்டுச் சொன்னார்.

"தம்பையா! வாடா! ஒன்னாலதான் ஏலும், வா!"

தம்பையா அவசரப்படவில்லை. கோட்டுப் பொத்தானைக் கழற்றி, தலைப்பாகையை ஒருவரின் கையில் கொடுத்து, அரையிலிருந்து சாவியை உருவினான். "சாவியை வீட்டுல வெச்சிட்டு வரச் சொன்னீங்களே, மொதலாளி!"

"நாசமாப் போனவனே, ஓடுடா!"

தம்பையா தெருவுக்கு ஓடினான். பைப் இரண்டு தடவை விக்கியது, அடங்கியது.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். ஸலீம் முகத்தைத் துடைத்தான். தோள் குலுங்கியது. குளிரில் நடுங்குகிறான் என்றுதான் நினைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, நனைந்து நின்ற மாமனின் கையைப் பிடித்துப் போட்டுவிட்டான்.

"கால் கழுவினது நீங்கதானே, மாமா. ஹுமைத் காலைத் தொடவே இல்ல."

"மச்சான்! அது என்ட மோதிரம்!" என்று கத்தினான் ஹுமைத். சிரிப்பில் பந்தற்கால் ஆடியது.

பலீலா முன்னுக்கு வந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலும் தண்ணீர். "கால் கழுவத் தண்ணி வரும்னீங்க. ஆளையே குளிப்பாட்டிட்டீங்க. இதுக்கு மேல என்ன வேணும்? ஜெனீரா, என்ட மகனுக்கு உடுக்க ஒரு காஞ்ச சாரம் குடு, நிக்காஹுக்கு நேரமாகுது." உள்ளே எட்டிப் பார்த்து, "மருமகள், சிரிக்கிறதுன்னா வாயைத் தொறந்து சிரி!" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து ஸல்மாவின் சிரிப்பு கலகலவென்று வெளியே வந்தது.

சாரமுடுத்த மாப்பிள்ளைக்குத்தான் அன்று நிக்காஹ் நடந்தது.

மறுநாள் காலையில் தம்பையா மரை வெட்டும் சாமானோடு வந்தான். பைப்பின் ஒரு நுனியை அவன் முடுக்க, மறு நுனியை இத்ரூஸ் நானா பிடித்துக்கொண்டு நின்றார். இன்னோர் ஆளுக்கு அவர் எடுபிடி நின்றதை ஜெனீரா அன்றுதான் கண்டார். இருவருக்கும் கலியாணத்து இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். மோதிரம் ஹுமைதின் விரலுக்குப் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகும் இத்ரூஸ் நானா முடியைத் தானேதான் வெட்டிக்கொண்டார். அது வேறு. ஆனால் பைப் என்று யார் வந்தாலும், "தம்பையாட்டப் போங்க. என்ன, கொஞ்சம் வாய்க்காரன்தான், ஆனா சாவி அவன்ட்டதான் இரிக்கி," என்று அனுப்பிவிடுவார்.

ஸல்மாவுக்கு முதற்பிள்ளை பிறந்தபோது, கோழிக்கூட்டின்மேல் கிடந்த தகரக் குடையை இறக்கினார். காம்பை அறுத்து, ஓட்டையை ஈயத்தால் அடைத்து, நாலு கால் வைத்து, தலைகீழாகக் குழாயடியில் வைத்தார். தம்பையா போட்ட குழாயின் கீழ், இத்ரூஸ் நானாவின் குடைத் தொட்டியில், பலீலாதான் பேரப்பிள்ளையை முதன்முதலாகக் குளிப்பாட்டினார். பிள்ளை கையால் தண்ணீரை அடிக்க, தகரம் டங்டங் என்று ஒலித்தது.

"நானா," என்று கூப்பிட்டார் பலீலா, தொட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே. "இது ஒழுகல்ல."

"ஒழுகாது," என்றார் இத்ரூஸ் நானா.