மணி என்ன பங்காளியா?

மத்தியானப் பந்தியில் எல்லோரும் இருந்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் வழக்கம்போல் முதல் இலையில், பரிமாறச் சமையல்காரர், மேற்பார்வைக்கு நான். முந்தின நாள் வந்து சேர்ந்த ஆச்சி மட்டும் இல்லை.

"நேத்து ராத்திரியும் வரலை, காலையிலயும் வரலை. வெறும் தண்ணிதான், தம்பி" என்றார் சமையல்காரர்.

செக்காலை ரோட்டுக்குப் பின்னால், ஆதரவில்லாத முதியவர்களுக்காக நடந்த இல்லம் அது. அறுபதுகளின் கடைசி. நான் புது மேனேஜர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். மணிச்சத்தம் கேட்டு ஓடிப்போய் வகுப்பில் உட்காருவதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குத் தெரியாது. அதனால் வேலைக்குச் சேர்ந்த வாரமே இங்கும் ஒரு மணி கட்டினேன். மணி அடித்தால் சாப்பாடு. என்ன ஒழுங்கு!

இல்லத்தின் காரியதரிசி காலையிலேயே சொல்லியிருந்தார்: "பட்டினி கெடந்து ஏதாச்சும் ஆனா நம்ம தலையில விடியும். சாயங்காலம் வாரேன். அதுக்குள்ள சாப்பிடலைன்னா, கொண்டாந்து விட்டவுக வீட்டுக்கே அனுப்பிருவோம்."

அந்த வீட்டில் இடமில்லாமல்தான் ஆச்சி இங்கே வந்ததே.

அறைக்கு ஓடினேன். தலைவாரி, வெளுத்த சேலை கட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சி, மணி கேக்கலையா?"

"கேட்டுச்சே. காது நல்லாத்தான் இருக்கு."

"பெறகு ஏன் வரலை?"

"யாரும் கூப்பிடலையே."

"அதான் மணி கூப்பிட்டுச்சுல்ல?"

"மணியா? அது யாரு, எங்க பங்காளியா?"

சிரித்துவிட்டேன், பிறகுதான் விளங்கியது. விசேஷம் என்றால் பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் அழைக்கிற ஊர் இது. அழைக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஆச்சிக்குப் பிடிவாதமே இல்லை. நேற்றிலிருந்து கிளம்பித் தயாராகக் காத்திருக்கிறார்!

கைகூப்பினேன். "ஆச்சி, சாப்பிட வாங்க."

அசையவில்லை. "ஒருக்காக் கூப்பிட்டா ஓடி வந்துருவாகளா?"

"இலை போட்டாச்சு ஆச்சி. நீங்க வந்தாத்தான் பந்தியே. வாங்க."

எழுந்தார். நான் முன்னால் நடக்கவில்லை, பறந்தேன்! ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வந்த காரியதரிசியிடம், "மோர்தான் கொஞ்சம் புளிப்பு" என்று அவரே புகாரும் சொன்னார்.

மறுநாள் மணி அடிக்கவில்லை. சமையல்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கமாக, ஒவ்வொரு கதவிலும் நின்று அழைத்தோம். தினமும் முதல் ஆளாக ஓடிவரும் தபால்காரர், "வாரேன், வாரேன், என்ன அவசரம்?" என்று கட்டிலில் சாய்ந்துகொண்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டதும்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார்.

"நீங்க கூப்பிட்டு, அவுக வாரதுக்குள்ள சாம்பார் ஆறிப்போகுது தம்பி!" என்று சமையல்காரர் கத்தினார். மறுபடி சூடாக்க விறகு வேண்டும். காரியதரிசி அந்தக் கூடுதல் விறகுக்குக் கணக்குக் கேட்டார். தலைநிமிர்ந்து சொன்னேன்: மாதம் ஏழு ரூபாய்.