எட்டு ஆறால் வகுபடும்

காலை ஐந்து ஐம்பது. மேற்கு மாம்பலம், ரயில் நிலையத்தை ஒட்டிய தெரு, ஒரு பழைய மாடி வீட்டின் படிக்கட்டு. முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை சுவரோரமாக, ஜோடி பிரியாமல் விட்டிருந்தார்கள். மேலே நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: “ஒன்றுக்கு உண்மை. k-க்கு உண்மை என்க. k ப்ளஸ் ஒன்றுக்கும் உண்மை. எனவே எல்லா n-க்கும் உண்மை.” ஸ்கூட்டரிலிருந்து குதித்த தங்கை ஹெல்மெட்டை என் மடியில் போட்டாள். “பஜனை ஆரம்பிச்சாச்சு. வரேன்க்கா” என்று ஓடினாள்.

நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மாலைப் பணி என்பதால், மந்தைவெளியிலிருந்து அவளைக் காலையில் கொண்டுவந்து விடும் வேலை என்னுடையது. அவள் பதினொன்றாம் வகுப்பு. கணிதத்தில்தான் பட்டம் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் ஏ பேட்ச் என்றால் டியூஷன் சாரே நேரில் எடுக்கும் காலை வகுப்பு. மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மாலை வகுப்புக்கு அனுப்பிவிடுவார். அங்கே கல்லூரி மாணவர்கள் விடைகளைப் பலகையில் எழுதிப்போடுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அப்பாவைப் பொறுத்தவரை, மாலை வகுப்பு என்றால் டியூஷனே வேண்டாம்.

சார் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், தொழில் பழக்கம். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. யாரையும் அடித்ததில்லை. பிள்ளைகளை ‘சாமி’ என்று கூப்பிடுவார். விடைத்தாள் திருத்துபவரின் பேனா எந்த வரியில் நிற்கும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதையே பாடமாகவும் நடத்தினார். தொகுத்தறிதல் முறையில் வகுபடும் தன்மையை நிரூபிக்கும் கணக்குகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘மூணு டிக்’: ஒன்றுக்கு, k-க்கு, k ப்ளஸ் ஒன்றுக்கு என்று மூன்று வரி, வரிக்கு ஒரு டிக். “முதல் வரிய யோசிக்காம எழுது சாமி. யாரும் அதைப் போட்டுப் பாக்க மாட்டாங்க. டிக் விழுந்துடும்.”

தங்கைக்கு இடறியது இரண்டாவது வரி. k-க்கு உண்மை என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, நிரூபிக்கவேண்டியதே அதுதானே, இது திருட்டுத்தனம் இல்லையா என்று சில வாரங்கள் என்னைப் பிய்த்தெடுத்தாள். வகுப்பில் கேட்டதற்கு சார், “என்க-ன்னா என்க, அவ்ளோதான். தமிழ் மிஸ்கிட்ட போய்க் கேளு” என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அவளும் சிரித்துவிட்டு வந்து வீட்டில் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் வந்து நின்றாள். 7ⁿ − 1 எப்போதும் ஆறால் வகுபடும் என்ற கணக்கு. “அக்கா, புடிச்சிட்டேன். அடுத்த நம்பருக்குப் போறப்போ ஏழால பெருக்கி ஒரு ஆறு சேக்கறோம், அவ்ளோதான். முன்னாடி இருந்தது ஆறால வகுபட்டா, இதுவும் வகுபட்டுத்தானே ஆகணும்?”

“சரி. முன்னாடி இருந்தது வகுபடும்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல! அதான் விஷயமே. வகுபட்டா, அப்படின்னுதான் சொல்றோம். ஒன்னுக்கு மட்டும்தான் நெஜமாப் போட்டுப் பாக்கறோம். ஏழுல ஒன்னு போனா ஆறு. அந்த ஒரு எடத்துல மட்டும்தான் ‘இருக்கு’ன்னு சொல்றோம். மத்ததெல்லாம் ‘இருந்தா’. அந்த ஒன்னு இல்லன்னா மொத்தமும் காத்துல நிக்கும்க்கா.”

எங்கள் அலுவலகத்தில் தினமும் வந்து விழும் செய்திகளில் பாதி ‘என்று கூறப்படுகிறது’ என்று முடியும். கூறியவர் யார் என்று தேடிக்கொண்டே போனால் சில சமயம் யாருமே இருக்கமாட்டார்கள். யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்திருக்கவேண்டும் என்பதை எங்கள் தலைமைச் செய்தியாளர் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த மாதத் தேர்வில் அதே கணக்கு வந்தது. வினாத்தாளைத் தட்டச்சு செய்தவர் கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டுவிட்டார். 7ⁿ + 1 ஆறால் வகுபடும் என நிரூபி. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது, மூன்றாவது வரிகள் இந்தக் கணக்கிலும் பிசகில்லாமல் வரும். ஏழால் பெருக்கி ஆறு சேர்ப்பதற்குப் பதில், ஏழால் பெருக்கி ஆறு கழிக்கவேண்டும். முதல் வரி ஒன்றுதான் பொய். ஏழும் ஒன்றும் எட்டு. எட்டு ஆறால் வகுபடாது. வகுப்பு முழுக்க முதல் வரியை யோசிக்காமல் எழுதியது, நிரூபித்தது, டிக் வாங்கியது. தங்கை மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: ‘n = 1 எனில் 7 + 1 = 8. இது ஆறால் வகுபடாது. எந்த n-க்கும் மீதி 2 வரும். எனவே கூற்று தவறு.’ அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு பூஜ்யம். ஏ பேட்ச்சில் நீடிக்க அந்த ஐந்து மதிப்பெண் வேண்டியிருந்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கும்போது நான் மேலே போனேன். படியில் அவளுடைய தோழி ஒருத்தி, “ப்ளஸ்ஸா மைனஸான்னு யாருடி பாத்தா? நீ ஒருத்திதான் பூதக்கண்ணாடி வெச்சுக்கினு திரியற” என்று தங்கையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். திருத்தியது யாராவது உதவியாளராக இருக்கும், காட்டினால் சார் சரிசெய்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். தாளை நீட்டினேன். சார் அதைப் படிக்கக்கூட இல்லை.

“தெரியும்மா. டிடிபி பண்ற பொண்ணு மைனஸை ப்ளஸ் ஆக்கிடுச்சு. திருத்தும்போதே பாத்துட்டேன்.”

“அப்ப இவ எழுதினதுதானே சார் சரி?”

“சரிதான். இவளுக்கு மார்க் போட்டா மத்தவங்க எல்லாருக்கும் சைபர் போடணும். போட்டா நாளைக்குக் காலையில அத்தனை பேரன்ட்ஸும் இந்தப் படிக்கட்டுல நிப்பாங்க. நீங்களே சொல்லுங்க, நிப்பாங்களா மாட்டாங்களா?”

“நிக்கட்டும் சார். கேள்வி தப்புன்னு சொல்லிட்டா போச்சு.”

“நம்ம பேப்பர்ல தப்பு வராதும்மா. அதான் இந்த எடத்துக்குப் பேரு.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். “வேணும்னா ஒன்னு பண்ணலாம். வெள்ளத்தாள்ல மாடல்படி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அஞ்சு மார்க் போட்டுடறேன். ஏ பேட்ச்லயே இருக்கட்டும். நல்லாப் படிக்கிற பொண்ணு.”

தெரியாமல் செய்த தவறு என்றால் எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. நாங்களும் தவறு செய்கிறோம்; மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுகிறோம். இந்த மனிதர் சரியான விடையைப் பார்த்து, சரி என்று தெரிந்துகொண்டு, பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு போட்டிருக்கிறார். அதோடும் விடவில்லை. பொய்யை அவள் கையாலேயே எழுதி வாங்கவேண்டும் என்கிறார், அதையும் பெரிய மனது பண்ணித் தருவதைப் போல.

வீட்டில் நான் கத்தினேன். அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் புடவைத் தளத்துக்கு மேற்பார்வையாளர் அவர். “கடைக்கு வர்றவங்க பச்சையை நீலம்னு சொன்னா, ஆமாம்மா நல்ல நீலம்னுதான் நான் எடுத்துப் போடுவேன். புடவை என்ன கலர் மாறிடவா போகுது? எழுதிக் குடுத்துட்டு வாடா செல்லம். உனக்குத் தெரியுதுல்ல எது சரின்னு, அது போதும்.” அம்மா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். எழுதாதே, மாலை வகுப்புக்கே போ என்றேன். “ஈவ்னிங் பேட்ச்னா அப்பா நிறுத்திடுவார்க்கா” என்றாள். அப்பா மறுக்கவில்லை.

மறுநாள் அவள் சாரின் மேசை ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். நான் வாசலில் நின்றேன். பேனாவைத் திறந்தவள் நிமிர்ந்து, சத்தியமாக, கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டாள்: “சார், எட்டு ஆறால வகுபடும்னு எழுதணுமா? இல்ல, உண்மைன்னு மட்டும் எழுதினா போதுமா?”

சார் யோசித்தார். தொழில் தெரிந்தவரின் யோசனை அது. “நம்பர் போடாத சாமி. நம்பர் போட்டா மாட்டிக்குவ. ‘கூற்று உண்மை’ன்னு மட்டும் எழுது.”

அவள் எழுதினாள். அவர் மூன்று டிக் போட்டார்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். மாடி வீட்டை இடித்துவிட்டு மூன்று தளம் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். குரல் வெளியே கேட்பதில்லை. வீட்டுக்கு வந்து தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். அவள் பி.காம். முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். “இன்னுமாக்கா அதையே புடிச்சுக்கிட்டு இருக்க? சென்டம் வந்துச்சுல்ல, விடேன்” என்றாள். கணிதம் ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. k-க்கு உண்மை என்று எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டைக் குடைந்த பெண், அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு எந்தக் கணக்கைப் பற்றியும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அப்பா அதை முதிர்ச்சி என்றார்.

அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரம், மாம்பலம் ரயில் நிலைய வாசலில் டியூஷன் சார் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்களின் படங்கள். முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது, என் தங்கை.