அவருடைய மிச்சக் காற்று

பொறாமை என்னைக் கடலுக்கடியில் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. கர்த்தர் என்னை மீட்ட விதத்தைச் சபையாருக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் சபையிலுள்ள ஜெயசீலனைக் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் சுழியோடப் பழக்கியவன் நான். ஒவ்வொரு முறையும் தேதி, ஆழம், நீரின் குளிர் எல்லாம் குறிப்பேட்டில் எழுதுவேன். அவர் வந்த பிறகு இன்னொரு வரி சேர்ந்தது: கரையேறும்போது என் சிலிண்டரில் மிஞ்சிய காற்று, அவருடையதில் மிஞ்சியது. பதினேழு தடவையும் அவருக்கே அதிகம். நிதானமாக மூச்செடுக்கிறார் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு உள்ளே எரிந்தது.

ஒருமுறையாவது அவரை மிஞ்சவேண்டும் என்று சென்ற ஏப்ரலில் மூன்று நாள் உபவாசம் எடுத்தேன். சபையில் விவரம் சொல்லாமல், "ஒரு காரியத்தில் எனக்கு ஜெயம் வேண்டும், ஜெபியுங்கள்" என்றேன். எனக்காக அதிக நேரம் ஜெபித்தவர் ஜெயசீலன். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கரைக்குக் கிட்ட, ஒன்பது மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கும் பழைய இரும்புக் கப்பல். தண்ணீரின் வெப்பம் ஆறு பாகை செல்சியஸ்.

"அண்ணை, முகம் வெளிறிக் கிடக்கு. காலமை சாப்பிட்டனீங்களோ?" என்று ஜெயசீலன் கேட்டார்.

"ஓம், ஓம். நீர் உம்மடை சிலிண்டரைப் பாரும்."

வெறும் வயிற்றில் குளிர் எலும்பைத் தொட்டது. நடுக்கத்தில் மூச்சு வேகமானது. சிலிண்டரில் மிஞ்சிய காற்றைக் காட்டும் மானியில் நூறு வந்தால் திரும்புவது எங்கள் ஒழுங்கு. அவர் சைகையால் கேட்டபோது என்னிடம் இருந்தது எழுபது. நூற்றிருபது என்று விரலால் காட்டினேன். என் மானியை அவர் பார்த்துவிடுவாரோ என்று கப்பலின் உடைந்த பக்கத்தால் உள்ளே நுழைந்தேன். சேறு கலங்கி வழி மறைந்தது. நெடுநேரம் தடவித் தேடினேன். தலைக்கு மேலே இரும்பு. இழுக்க இழுக்கக் காற்று இறுகியது. பிறகு வரவேயில்லை.

நீண்ட ஜெபம் எதுவும் நினைவில் வரவில்லை. "இயேசுவே" என்று மனதுக்குள் ஒரு தடவை கூப்பிட்டேன்.

ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு கை என் தோளைப் பிடித்து, தன்னிடமிருந்த இரண்டாவது காற்றுக்குழாயை என் வாயில் வைத்தது. ஜெயசீலன். அவருடைய சிலிண்டரிலேயே இருவரும் மூச்செடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பதினேழு தடவை நான் எரிச்சலோடு எழுதிய அதே மிச்சக் காற்று.

கரையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்தார்.

"அப்ப என்னைத் தோக்கடிக்கச் சொல்லி நானே ஜெபிச்சிருக்கிறன்" என்றார். "இந்தாங்கோ, முதல்ல இந்தப் பாணைச் சாப்பிடுங்கோ."

பொறாமை முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவருடைய மானியைப் பார்க்கும்போது இன்னும் குத்தும். அப்போது, "ஆண்டவரே, அவருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடும்" என்று கேட்கிறேன். நீங்களும் உங்கள் மனதை எரிக்கிறவரின் பெயரைச் சொல்லி அவருக்காகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கான மூச்சைக் கர்த்தர் அவரிடம் கொடுத்து வைத்திருக்கக்கூடும்.