வாசிக்கப்படாத கடைசிப் பக்கம்

வில்ட்ரூட் கோடெக்கே பகலில் மருந்துக்கடைக்காரி. மாலையில் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் ஊர்ப் பத்திரிகைக்குக் கச்சேரி விமர்சனம் எழுதுபவள். இரண்டு வேலைக்கும் ஒரே குணம்தான். மருந்துச் சீட்டில் ஒரு மில்லிகிராம் பிசகினாலும் மருத்துவரையே தொலைபேசியில் அழைத்துக் காய்ச்சி எடுத்துவிடுவாள். கச்சேரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வாசிக்கப்போகும் இசையின் குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வாள். மேடையில் வயலின் வில் ஓட ஓட, இங்கே அவள் விரல் வரிக்கு வரி ஓடும். அவள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டாலே வாத்தியக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதில் அவளுக்குப் பெருமை உண்டு. "மத்தவங்க கேக்குறாங்க, நான் சரிபாக்குறேன்" என்பாள். சரிபார்க்கிறவளுக்குக் கேட்க நேரம் ஏது என்று ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்க யாருக்குத் தைரியம்?

பதினோரு வருஷத்துக்கு முன்னால், உள்ளூர்க்காரரான எக்கார்ட் பெனிங் எழுதிய மூன்றாவது நால்வர் இசை இங்கே அரங்கேறியது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பெனிங் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். அன்று கடைசிப் பகுதியில் வில்ட்ரூட்டின் புத்தகத்தில் இன்னும் ஒரு முழுப் பக்கம் மிச்சமிருக்க, மேடையில் நால்வரும் வில்லை இறக்கிவிட்டார்கள். விடுவாளா அவள்? மறுநாள் பத்திரிகையில் எழுதினாள்: 'வாசித்தவர்கள் ஒரு பக்கத்தையே விழுங்கிவிட்டார்கள். எழுதியவரோ எழுந்து நின்று கைதட்டினார். ஒரு பக்கம் காணாமல் போனது எழுதியவருக்கே தெரியவில்லை என்றால், அந்த இசையில் என்னதான் இருக்கிறது?'

ஊரே சிரித்தது. மேடையில் வாசித்தவர்கள் வெளியூர்க்காரர்கள், இந்தப் பத்திரிகையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பெனிங் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. மாதாமாதம் இரத்த அழுத்த மாத்திரைக்கு அவள் கடைக்கே வருவார், வணக்கம் சொல்வார், வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் அதே இசையை இளைஞர்கள் நால்வர் வாசிக்கப்போகிறார்கள் என்று ஊர் இசைச் சங்கத்திலிருந்து வில்ட்ரூட்டுக்குப் புதுக் குறிப்புப் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கம் அதில் இல்லை. முன்தாளில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'பழைய அச்சிலுள்ள கடைசிப் பக்கம், அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு நானே நீக்கியது. எ. பெ.'

அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. அடுத்த முறை பெனிங் சீட்டை நீட்டியபோது மாத்திரையை எடுக்காமல் நின்றாள்.

"ஹெர் பெனிங், அந்தப் பக்கம் நீங்களே எடுத்ததா?"

"ஆமா."

"பதினோரு வருஷமா இங்க வர்றீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"விமர்சனத்துக்குப் பதில் சொல்றவன இசை எழுதுற எங்க ஆளுங்கள்ல எவனும் மதிக்க மாட்டான், ஃப்ராவ் கோடெக்கே. அது உங்களுக்கே தெரியும்." சிரித்தார். "அதோட, மாத்திரை குடுக்குறவங்களப் பகைச்சுக்கவா முடியும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எழுதினது தப்புன்னு பத்திரிகையில போடப்போறேன்."

"போடுங்க. ஆனா முதல்ல வந்து கேளுங்க. புத்தகம் இல்லாம."

போனாள். வெறும் மடியோடு உட்கார்ந்தவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அம்மா கண்ணாடிய மறந்துட்டாங்க போல" என்று பின்வரிசையில் ஒருத்தர் கிசுகிசுத்தார். கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வாத்தியமாக விலகி, வியோலா மட்டும் தனியாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அதற்கு மேல் ஒரு சுரம் வந்திருந்தாலும் எல்லாம் கெட்டிருக்கும். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கட்டுரையில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. பழைய அச்சைப் பார்த்து ஏமாந்ததை முதல் பத்தியிலேயே உடைத்துச் சொன்னாள். கடைசிப் பகுதி போல இந்த ஊரில் யாரும் எழுதியதில்லை என்றாள். முதல் பகுதி வளவளவென்று இருக்கிறது என்றும் எழுதினாள். குணம் எங்கே போகும்? எழுதி முடித்ததும் பாரம் இறங்கியது போல இருந்தது. தீர்ந்தது விஷயம் என்றே நினைத்தாள்.

அடுத்த மாதம் பெனிங் வந்தார். கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"முதல் பகுதி வளவளன்னு இருக்காமே?"

"இருக்கே."

"இருக்குதான்" என்று தலையாட்டினார்.

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாலாவது எப்போ?"

"அப்போ ஒண்ணு மனசுல இருந்துச்சு. ஆரம்பம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். உங்க பழைய கட்டுரை வந்ததும் தள்ளி வெச்சேன். போன வாரம் உக்காந்து தேடிப் பாத்தேன்."

"கிடைச்சுதா?"

"இல்ல."

மழை நின்றுவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அதில் குற்றச்சாட்டே இல்லை. திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள். அவ்வளவு நீளமாக எழுதிய கட்டுரையில் எங்கேயும் வராத வார்த்தை அப்போதுதான் அவள் வாயில் வந்தது.

"மன்னிச்சிடுங்க."