சுட்டெண் வரிசையில் ஒரு பதுங்குகுழி

பரீட்சை மண்டபத்தில் பயப்படுகிறவர்கள் எழுதுகிற பிள்ளைகள்தான் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் நோக்குநராக நின்றிருக்க மாட்டார்கள். நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யார் பார்த்து எழுதுகிறான், எந்தத் தாள் குறைகிறது, எங்கே கையெழுத்து விடுபட்டது என்று மூன்று மணித்தியாலமும் கண் ஓடிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், போருக்கு நடுவே, வன்னியில் முள்ளியவளைப் பக்கம் உயர்தரப் பரீட்சைக்கு நின்ற நாங்கள் இவற்றோடு வானத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

முத்திரை

வினாத்தாள்கள் கொழும்பிலிருந்து வவுனியா வந்து, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, மாவட்ட அலுவலகமான கச்சேரி வழியாக எங்களிடம் வரும். பொதியைத் திறக்குமுன் இரண்டு பிள்ளைகள் வந்து, முத்திரை உடையவில்லை என்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே நேரத்தில் திறப்பு. எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை என்பதால் எங்கள் சுவர்க்கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் அருளம்பலம் மாஸ்டரின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம்தான் எங்களுக்குக் கொழும்பு நேரம்.

முதல்நாள் கையெழுத்து வைத்தவர்களில் ஒருத்தி யசிந்தா. கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். கரையை விட்டு இடம்பெயர்ந்து எங்கள் ஊரில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். உயர்தரம் மூன்று தரம்தான் எழுதலாம். அவளுடைய முதல்தரத்தை இடப்பெயர்வு கெடுத்தது. இரண்டாந்தரம் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்தது. இது கடைசி. கையெழுத்து வைத்துவிட்டு மாஸ்டரிடம் கேட்டாள்: "சேர், இதே பேப்பரைத்தான் கொழும்புப் பிள்ளையளும் இப்ப திறக்கினமோ?"

கல்

எங்கள் மண்டபம் கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில். அரைச்சுவர். காற்றடிக்கும் காலத்தில்தான் பரீட்சையும் வரும். தாள் பறந்தால் யார் யாருடையதைப் பார்த்தார் என்று வழக்காகிவிடும் என்று பயந்து, ஆளுக்கு இரண்டு கல் கொண்டுவரச் சொன்னோம். வந்ததும் எனக்கு அடுத்த பயம் பிடித்தது: கல்லில் சூத்திரம் எழுதி வந்தால்?

இருபத்துமூன்று பிள்ளைகள், நாற்பத்தாறு கல். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடு. எடுத்துத் துடைத்தால் கோழி எச்சம். கல்லுக்குச் சொந்தக்காரன் கேதீஸ், கணிதத்திலும் இரசாயனத்திலும் புலி. பரீட்சைச் சுட்டெண்ணில் யசிந்தாவுக்கு அடுத்தவன். முகத்தில் சிரிப்பேயில்லாமல் சொன்னான்: "விடையும் அதுதான் சேர், துடைச்சுப்போடாதேங்கோ."

ஒத்திகை

விமானம் வந்தால் என்ன செய்வது என்று பரீட்சை விதிகளில் இல்லை. ஆகவே மாஸ்டரே விதி போட்டார். விடைத்தாளைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிட்டு, சுட்டெண் வரிசையில் பதுங்குகுழிக்குப் போக வேண்டும். உள்ளேயும் அதே வரிசை, ஒரு சொல் பேசக்கூடாது. குழிக்குள் முதலில் இறங்கி எண்ணுபவர் மாஸ்டர். மண்டபத்தில் ஒருவரும் இல்லையென்று பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியேறுபவர் நோக்குநர், அதாவது நான். பிள்ளை யாராவது தனியே உள்ளே நின்றால் அந்த விடைத்தாள் இரத்தாகும். இதை அவர் சொன்னபோது யசிந்தா தன் சுட்டெண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

இரண்டுமுறை ஓடிப் பழகினோம். பனங்குற்றி அடுக்கிய அந்தக் குழிக்குள் வரிசை பிசகாமல் குந்தியிருந்தபோது கேதீஸ் கேட்டான்: "சேர், குண்டும் சுட்டெண் பாத்தே வரும்?"

இரசாயனவியல், இரண்டாம் பத்திரம்

எழுதத் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். கிபிர் போர்விமானம் வந்தது. சத்தம் வரும்போது அது தலைக்குமேலே நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு முன்னால் ஓடியது நான். எப்படி ஓடினேன் என்பது நினைவில்லை. குழிக்குள் யாருடைய காலையோ மிதித்துக்கொண்டு மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் வந்தார்கள், அதுவும் சுட்டெண் வரிசையில்.

இரண்டு குண்டு. நிலம் ஆடி, குற்றிகளுக்கிடையால் மணல் கொட்டியது. மாஸ்டர் எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். கேதீசுக்கு முன்னால் ஓர் ஆள் அளவு இடம் வெறுமையாக இருந்தது. விதிப்படி அவன் அந்த இடத்தை விட்டுவைத்திருந்தான்.

சத்தம் அடங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். யசிந்தா கதிரையிலேயே இருந்தாள். பேனை கையில். அவளுடைய தாளில் ஒரு சமன்பாடு அம்புக்குறியோடு நின்றிருந்தது, வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. உதடு வெளுத்துப்போயிருந்தது. "நான் எழுதேல்லை சேர்," என்றாள், "கால் வரேல்லை."

அறிக்கை

இழந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து எல்லாருக்கும் கூட்டிக் கொடுத்தார் மாஸ்டர். எழுதி முடித்ததும் ஒருவரையும் எழும்ப விடாமல் அறிக்கைத் தாளை எடுத்தார். பிள்ளை தனியே இருந்ததா, இல்லையா? தனியே என்றால் அவளுடைய மூன்றாந்தரமும் போய்விடும். தனியே இல்லையென்றால் நான் உள்ளே நின்றிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவள் அழிந்தாள். பொய் சொல்லலாமென்றால் நான் ஓடியதை இருபத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கும் இடங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஒருவர் விழுந்தால் பின்னால் நிற்பவர் ஒருபடி ஏறுவார். அவள் விழுந்தால் ஏறப்போகிறவன் யார் என்பதும் அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன்தான் எழும்பினான்.

"நோக்குநர் சேர் வெளியில வரவே இல்லை. அவாவோட உள்ளுக்குத்தான் நிண்டவர்," என்றான் கேதீஸ். மற்றப் பிள்ளைகளும் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருவராவது என் பக்கம் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தைவிட அந்தக் குண்டு பரவாயில்லை என்று தோன்றியது.

மாஸ்டர் எழுதி, கையெழுத்து வைத்து, பேனையை மூடினார். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கக் கேட்டார்: "அப்ப பங்கருக்குள்ள என்ர காலை மிதிச்சது ஆர் தம்பி?"

பெறுபேறு

யசிந்தாவுக்கு இடம் கிடைத்தது. கேதீசுக்கு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அடுத்த வருடம் அதே கொட்டில், அதே காற்று. இரண்டு கல்லோடு அவன் வந்து நின்றான். நான் கல்லை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவனே பேசினான்: "இந்தமுறையும் நீங்களோ சேர்? அப்ப வாசலை மறிச்சுக்கொண்டு நில்லாதேங்கோ, எனக்கும் ஓட வேணும்."

பிள்ளைகள் கள்ளம் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்குநரின் வேலை; அத்தனை வருடம் நின்ற எனக்குக் கிடைத்த ஒரேயொரு நற்சான்றிதழ் இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து சொன்ன அந்தப் பொய்தான்.