உப்பு பறந்து போன தூரம்

பெங்களூரில் தங்கச்சி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். பால் பொங்குவதற்கு முன் தாய்வீட்டு உப்பு வீட்டுக்குள் போகணும். அண்ணன்காரன் நான் மரக்காணத்து உப்பளத்தில் மேஸ்திரி, கேட்கணுமா? எங்கள் பாத்தி உப்பையே ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டேன்.

மனைவி முந்தின நாளே பஸ்ஸில் கிளம்பினாள். “உப்பையாவது எங்கிட்ட குடுங்க” என்றாள்.

“பாண்டிச்சேரில ஏறினா ஒரு மணி நேரம்தான். நீ குலுங்கிட்டுப் போ, உப்பு எங்கூட பறந்து வரும்” என்றேன்.

ஃபிளைட் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. நான் கணக்குப் போட்டது இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவில் உள்ள தூரத்தை. தங்கச்சி ஏர்போர்ட்டில் குடியிருக்கவில்லை என்பது டாக்ஸியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. டிராஃபிக்கில் இரண்டரை மணி நேரம் போனது.

நான் டப்பாவோடு வாசலில் நின்றபோது எல்லோரும் பால் குடித்து முடித்திருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு கடைப் பாக்கெட் உப்பு இருந்தது.

“நல்ல நேரம் முடியப் போவுதுன்னாங்க, அதான் கடையில வாங்கிட்டேன்” என்றாள் தங்கச்சி. “அது லாரில வந்த உப்புண்ணா. கரெக்டா வந்துடுச்சு.”

மனைவி டப்பாவை வாங்கிச் சமையலறையில் வைத்தாள்.