இரண்டு இடங்களில் அறை எடுத்தது

அப்பாவும் அண்ணாவும் பேசிக்கொள்ளாமல் நான்கு வருடங்கள் ஓடியிருந்தன. அண்ணா மலேசியாவில் வேலை செய்கிறான். அங்கே இலங்கையிலிருந்து வேலைக்கு வந்திருந்த, எங்கள் பக்கத்து மாத்தளைப் பெண் ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான். பெண் கத்தோலிக்கக் குடும்பம் என்பதைக்கூட அப்பா விழுங்கியிருப்பார். தன்னிடம் சொல்லாமல் செய்ததை அவரால் விழுங்க முடியவில்லை. "இனி இந்த வீட்டுப் படி ஏறாத" என்று போனில் சொன்னார். அண்ணாவும் ஏறவில்லை. இப்போது அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

வழி கண்டுபிடித்தவர் அம்மா. "அவன் இங்க வர மாட்டான். இவரு அங்க போக மாட்டாரு. பொதுவா ஒரு எடத்த பாரு" என்றார். தாய்லாந்தில் ஒரு சிறிய கடற்கரை ஊர் என்று முடிவானது. அப்பாவிடம் "கடல் பாக்கப் போறோம்" என்று மட்டும் சொல்லப்பட்டது. அங்கே யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

தங்குமிடம் பார்ப்பது என் பொறுப்பு. நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதையும் அட்டவணை போடாமல் என்னால் யோசிக்க முடியாது. பதினேழு இடங்கள், ஒன்பது நிரல்கள். கடலுக்கு எவ்வளவு தூரம், நடுவில் பெரிய வீதி உண்டா, எத்தனை படிகள், மின்தூக்கி, குளிரூட்டி, காலைச் சாப்பாடு, மாட்டிறைச்சி இல்லாத கடை பக்கத்தில் இருக்கிறதா என்று நிரல்கள் நீண்டன. ஹோட்டல்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் எடுத்த குளியலறைப் படங்களைப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் வெயிலைப் பார்த்தே மயங்கியவர்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் யாருடனோ சண்டை பிடித்தவர்கள். மூன்று கொடுத்தவர்கள்தான் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மெலிதாக வருகிறது என்று எழுதுகிறார்கள். "கடலுக்கு ஐந்து நிமிடம்" என்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "கக்கூஸ்ல தண்ணி இருக்கா? கடதாசி மட்டுந்தான்னா நா வரல்ல."

"அங்கயும் நம்மள மாதிரித்தாம்மா. கைக்குழாய் இருக்கு."

கடைசியில் இரண்டு இடங்களைப் பதிவு செய்தேன். எங்கள் மூவருக்கும் மின்தூக்கியும் காலைச் சாப்பாடும் உள்ள நடுத்தர ஹோட்டல். அண்ணா "எங்களுக்கு மலிவா ஒன்னு போதும்" என்று சொல்லியிருந்ததால், அவன் குடும்பத்துக்குக் கீழே வீட்டுக்காரர் குடியிருக்கும் ஒரு விடுதி. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடை. வார்த்தை தடித்தால் ஆறுவதற்குப் பத்து நிமிடம் தேவை என்பது என் கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், விமான நிலையத்தில் காட்டுவதற்காக மாத்தளையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இரண்டு பதிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு உக்குவளை வீட்டுக்கு வந்தேன். மணி மூன்றேமுக்கால். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை எடுத்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எந்தத் தாளையும் அடிவரை படிக்காமல் விட மாட்டார்.

"ரெண்டு எடம் போட்டிருக்கு?"

"அண்ணா ஆக்களுக்கு வேற எடம், அப்பா. பக்கத்துலதான்."

அவர் தாள்களை மேசையில் வைத்தார். "தோட்டத்து லயத்துல ஒத்தக் காம்பராவுல நாங்க ஏழு பேரு. திருவிழாவுக்கு ஆளு வந்தா பதினாலு. ஒருத்தரயாவது அடுத்த வீட்ல போய் படுன்னு சொல்லியிருக்கமா?"

சொன்னதில்லை. வேறு வீட்டில் பாய் போட்டுக் கொடுத்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். ஆனால் என் ஒன்பது நிரல்களில் அது இல்லை.

"படி ஏறாதன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

"நா கோவத்துல வாயால சொன்னேன். நீ கடதாசியில அடிச்சில்ல கொண்டாந்திருக்க." எழுந்தார். "இதுதான்னா நா வரல்ல. நீங்க போய்ட்டு வாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா வராவிட்டால் அண்ணா வருவதில் அர்த்தமில்லை. இன்னொரு முறை இப்படி ஒன்றை ஏற்பாடு செய்ய எங்களிடம் வசதியுமில்லை.

பணம் இழக்காமல் ரத்துச் செய்ய அன்று ஆறு மணிவரை நேரம் இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது என்று நிதானமாக மடிக்கணினியைத் திறந்தேன். அப்போதுதான் சிறிய எழுத்தைக் கவனித்தேன். ஆறு மணி என்பது அவர்களுடைய ஆறு மணி. தாய்லாந்து இலங்கைக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னே. எனக்கு இருந்தது நாலரை வரைதான்.

நடுத்தர ஹோட்டலில் வேறு அறை இல்லை. அட்டவணையில் பதினோராவது இடத்தைச் சிவப்பில் அடித்திருந்தேன். ஒரு வீட்டின் கீழ்த்தளம். இரண்டு அறை, ஒரு வாசல், சின்னச் சமையலறை. "ஒரே குளியலறை. ஒரு அறையில் மட்டும் ஏசி" என்று காரணமும் எழுதியிருந்தேன். அது இன்னும் காலியாக இருந்தது. அண்ணாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டு, ஒரு அறையில்தான் ஏசி என்பது உட்பட அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

"எல்லாரும் ஒரே வீட்லயா?" என்றான். "அப்பா சொன்னாரா, நீயா சொல்றியா?"

"அப்பா ரெண்டு எடம்னா வரல்லன்னு சொல்றாரு."

"அது ஒரே வீட்ல இருப்போம்னு சொன்னதாகுமா? இங்க பாரு தங்கச்சி, இது நீயும் அம்மாவும் சேந்து செய்ற வேலன்னா வேணாம். புள்ளய தூக்கிட்டு வந்து அவமானப்பட ஏலாது."

போனை அப்பாவின் பக்கம் நீட்டினேன். அவர் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா, "ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றார். மணி நான்கு பதினெட்டு. அப்பா ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. அண்ணாவும் போனை வைக்கவில்லை.

மறுமுனையில் சலசலப்பு. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது. நான்கு வருடத்தில் அண்ணியின் குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா, நாந்தான். அந்த வீட்ல ஒரு ரூம்லதான் ஏசி இருக்காம். நீங்களும் மாமியும் அதுல படுங்க. நாங்க ஃபேன்ல சமாளிச்சிக்குவோம்."

அப்பா திரும்பினார். போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"புள்ள வேர்க்குரு வந்து கெடக்கவா? ஏசியில புள்ளய போடச் சொல்லு."

நான் திருப்பிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"சரிங்க மாமா" என்றார் அண்ணி. பின்னால் அண்ணா எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

பதினோராவது இடத்தைப் பதிவு செய்தேன். உறுதியான பிறகுதான் மற்ற இரண்டையும் ரத்துச் செய்தேன், ஒவ்வொன்றாக. நாலரைக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.